கரியரில் இருந்து தோளுக்கு

சைக்கிள் பை தைக்கும் தொழிலில், வாங்க வருகிறவர் முதலில் கேட்பது நிறம். கடைசியாகச் சொல்வது பைக்குள் என்ன கொண்டு போகிறார் என்பது. இடையில் இருப்பதை எல்லாம் நாங்கள்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருந்து ஒரு ஒழுங்கை தள்ளி எங்கள் கடை. என் மனுசன் ஓட்டோக்களுக்கு சீற்றும் கூடாரமும் அடிப்பவர். ஒரு மெசினில் நான், மற்றதில் றமீசா. அவள் கிண்ணியாவில் இருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். பெற்றோலுக்கு வரிசையில் நின்று களைத்த காலத்தில் கந்தோர் வேலைக்குப் போகிற உத்தியோகத்தர் பலர் சைக்கிளுக்கு மாறினார்கள். பெற்றோல் திரும்பி வந்த பிறகும் சிலர் சைக்கிளை விடவில்லை. அவர்களுக்காகத் தொடங்கியதுதான் இந்தப் பை. சைக்கிளில் போகும்போது கரியரின் பக்கத்தில் கொளுக்கியில் தொங்கும். இறங்கியதும் கழற்றி, உள்ளே மடித்து வைத்திருக்கும் வார்களை இழுத்தால் முதுகில் போட்டுக்கொண்டு நடக்கலாம்.

சொல்ல லேசு. நீங்களும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் என்றால் பை சில்லுக்குள் போன கதை, மிதிக்கும்போதெல்லாம் குதிக்கால் பையில் இடித்த கதை என்று உங்களிடமும் இரண்டொன்று இருக்கும். என்னிடம் இருப்பவை இவை.

நீல நிறம் கேட்டவள்

தர்சினி முதல் தடவை வந்தபோது நீலத்தில் இருக்கிறதா என்றுதான் கேட்டாள். இருந்தது, வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு நாளில் திரும்பி வந்து, ஒரு போத்தல் சரியாமல் நிற்க இடம் வேண்டும் என்றாள். ஒரு பொக்கெற் வைத்துக் கொடுத்தேன். மூன்றாம் முறை வந்தபோது பட்டியல் நீண்டுவிட்டது. போத்தல் சைக்கிளிலும் நேராக நிற்க வேண்டும், முதுகிலும் நேராக நிற்க வேண்டும், நாலு மணித்தியாலம் குளிர்ந்தபடி இருக்க வேண்டும், வெளியில் இருந்து பார்த்தால் போத்தல் இருப்பதே தெரியக் கூடாது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படி என்ன ராசா வீட்டுப் போத்தல் என்று கேட்டுவிட்டேன்.

கடையில் ஆம்பிளைகள் இல்லை என்று பார்த்துக்கொண்டு அவள் சொன்னாள். பிள்ளைக்கு ஐந்து மாதம். பால்மாவைக் கரைத்து மாப்பால் கொடுத்தால் பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடிக்கிறது. தாய்ப்பால்தான் கொடுக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். புருசன் விடியக் கடலுக்குப் போய் வந்து பகலில் பிள்ளையைப் பார்க்கிறவர். இவள் துறைமுகத்தடியில் சாமான் இறக்கி வைக்கும் ஒரு யார்ட்டில் களஞ்சிய எழுத்தராக வேலை செய்கிறாள். மத்தியானம் அங்கே பாலை எடுத்து வைத்து, பின்னேரம் உப்புவெளியில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோனால் அடுத்த நாள் பிள்ளைக்கு அதுதான் சாப்பாடு. சைக்கிளை கேற்றடிக் கொட்டிலில் விட்டுவிட வேண்டும். அங்கிருந்து அவளுடைய கந்தோருக்கு வெயிலில் கால் மணித்தியால நடை. பால் கெட்டால் பிள்ளைக்குச் சாப்பாடு இல்லை.

“இந்தப் பை சரிவரேல்லையெண்டா வேலையை விடுறதுதான் அக்கா. வேற எல்லாம் யோசிச்சுப் பாத்திட்டன்.”

கேட்ட கேள்விக்கு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒரு கிழமை தவணை கேட்டேன். துணியை வெட்ட முன்னம் இந்தப் பையில் நான் ஏற்கெனவே விட்ட பிழைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். குறைச்சல் இல்லை.

சுவிஸ் கொளுக்கி

நில அளவைக் கந்தோரில் வேலை செய்யும் ஒரு ஐயாவுக்கு, சுவிசில் இருக்கும் தம்பி இதே மாதிரி ஒரு பை அனுப்பியிருந்தார். பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. மழைத் தண்ணி ஒரு சொட்டும் போகாது, தையல் இருக்கிற இடமே தெரியாது. ஆனால் அதன் கொளுக்கி சின்ன விரல் பருமன் கம்பிக்குச் செய்தது. எங்கள் ஊர்ச் சைக்கிளின் கரியர் அரிசி மூட்டைக்குச் செய்தது. கொளுக்கி வாயைத் திறந்தபடி மேலே குந்தியிருக்கும், பிடிக்காது. ஐயா அதைப் பழைய சில்லு ரியூப்பில் வெட்டிய பட்டியால் கட்டிக்கொண்டு ஓடினார், சந்தியில் திரும்பும்போது பை மட்டும் நேரே போய்விட்டது.

கொளுக்கியைக் கழற்றிவிட்டு எங்கள் இரும்புக் கொளுக்கியை அடித்துத் தருகிறேன் என்றேன். கத்தரிக்கோலை எடுத்ததும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இனிமேல் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுவராதவருக்குப் பை தைப்பதில்லை என்று நான் முடிவெடுத்தது அன்றைக்குத்தான். ஐயா எடுத்த முடிவு வேறு.

“பையில கை வைக்காதேங்கோ பிள்ளை. ஏலுமெண்டா கரியரைச் சீவி விடுங்கோ.”

விளைமீன் சொதி

தொடக்கத்தில் நான் தைத்த பைகள் நீளவாட்டில் இருந்தன. சைக்கிளில் தொங்கும்போது வடிவாகத்தான் இருக்கும். முதுகில் போடும் வார்களை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று நான் யோசிக்கவில்லை, நீளப் பக்கத்தில் வைத்துவிட்டேன். அதனால் சைக்கிளில் நிமிர்ந்து நின்றதெல்லாம் முதுகில் ஏறியதும் படுத்துவிடும். பை தைத்த எனக்கு அது தெரியாது. ஏனென்றால் நான் கடைக்கு நடந்து வருகிறவள்.

பற்றிமா ரீச்சருக்குத் தெரிந்தது. சைக்கிளை விட்டுவிட்டு, பையை முதுகில் போட்டு, மாடிப்படி ஏறி வகுப்புக்குள் போகும்போது மத்தியானச் சோற்றுக்குக் கொண்டுபோன மீன் சொதி முதுகால் வழிந்திருக்கிறது. திருத்திக் கொண்டுவந்த கணக்குப் பேப்பர் எல்லாம் மஞ்சள். பையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

“பேப்பரைக் குடுத்தவுடன எல்லாப் பிள்ளையளும் மணந்து பாத்திச்சினம். ஒருத்தருக்கும் தன்ர மார்க்ஸைப் பாக்க மனம் வரேல்லை. என்ன மீன் எண்டுதான் வாக்குவாதம்.”

இரண்டு நிமிசம்

கொளுவிக் கழற்றுகிற பையை வாங்கிவிட்டு அதைக் கழற்றாமல் விட்டுப் போகிறவர்கள்தான் கூட. இரண்டு நிமிசம்தானே என்பார்கள். எங்கள் நகரத்தில் ஆடுமாடு போலத் திரியும் மான்களுக்கு இரண்டு நிமிசம் தாராளம். பஸ் நிலையத்தடியில் மரக்கறிக் குப்பையைக் கிளறிக்கொண்டு நிற்பவை, சைக்கிள் நிற்பாட்டியதைக் கண்டால் நிமிர்ந்து பார்க்கும். நான் அப்போது பையின் வாய்க்கு ஒட்டிப் பிரிக்கிற பட்டி வைத்துக்கொண்டிருந்தேன். அதை மான் மூக்காலேயே பிரிக்கும்.

காணிக் கந்தோர் எழுத்தர் ஒருவர் தேத்தண்ணி குடித்துவிட்டு வரும்போது மான் அவருடைய சோற்றுப் பார்சலைத் தாளோடு முடித்துவிட்டு, ஒரு காணி உறுதிப் பத்திரப் பிரதியின் மூலையை மென்றுகொண்டு நின்றிருக்கிறது. பாதிப் பக்கத்தை இழுத்துப் பறித்திருக்கிறார். மேலதிகாரி எழுத்தில் விளக்கம் கேட்டாராம். பையின் வாய்க்கு இழுத்து மூடுகிற சிப் வைக்கக் கொண்டுவந்தபோது சொன்னார்.

“மான் திண்டதெண்டு உண்மையை எழுதிக் குடுத்தனான். இந்த வருசம் இது மூண்டாவது மான் கடிதமாம், நம்பினவை.”

வெள்ளைச் சேட்

இதற்கு நாலு வரி போதும். கொளுக்கி இருக்கும் பக்கம்தான் சில்லோடு உரசும் பக்கம். சேறும் கிறீசும் அங்கேதான் பிடிக்கும். நான் அந்தப் பக்கமே முதுகில் படும்படி தைத்திருந்தேன். நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கும் ஒருவர் மாரி காலத்தில் வெள்ளைச் சட்டைக்கு மேலே அதைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

“கூண்டில நிண்டவற்ர சேட் என்ர சேட்டை விட வெள்ளை. நீதவான் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தவர்.”

ஒரு கிழமைத் தவணை

தர்சினியின் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுவரச் சொல்லி கரியரை அளந்தேன். அளவுக்கு என் மனுசன் கொளுக்கி வளைத்தார். பையை ஒடுக்கமாகவும் உயரமாகவும் வெட்டினேன், சைக்கிளிலும் முதுகிலும் ஒரே பக்கம் மேலே இருக்கும்படி. கொளுக்கிப் பக்கத்தை மூட ஒரு துணி மடிப்பு. பித்தளை சிப் எங்கள் உப்புக் காற்றில் மூன்று மாதத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும், அதனால் பிளாஸ்ரிக் சிப், அதற்கும் மெழுகுதிரி தேய்த்தேன். குதிக்கால் இடிக்காமல் கீழ் மூலையைச் சரித்தேன். நடுவில் போத்தலுக்கு ஒரு அறை. அதைச் சுற்றி ஓட்டோ சீற்றுக்குப் போடும் ஸ்பொஞ், அதற்கு மேல் கூரைக்குக் கீழே அடிக்கிற வெள்ளித் தாள், பக்கத்தில் உறைந்த தண்ணிப் போத்தல் ஒன்றுக்கு இடம்.

பரீட்சை வைக்காமல் கொடுக்க மனம் வரவில்லை. பசுப்பாலை ஒரு போத்தலில் ஊற்றி வைத்து, மனுசனை மத்தியான வெயிலில் உப்புவெளிக்கு மிதிக்கவிட்டேன். திரும்பி வந்ததும் பையை முதுகில் போட்டு ஒழுங்கையில் மேலும் கீழும் நடக்கச் சொன்னேன். அயலவர்கள் அவருக்கு ஏதும் நேர்த்திக்கடனோ என்று கேட்டார்கள். நாலு மணித்தியாலத்துக்குப் பிறகு றமீசா போத்தலை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

“எங்கட வீட்டுப் பிரிட்ஜை விட இது நல்லம் அக்கா. கறண்ட் போனாலும் இது நிக்காது.”

ஒரு போத்தலுக்கு மூன்று மூக்கு

தர்சினி பையை வாங்கிக்கொண்டு போய் ஐந்தாம் நாள் திரும்பி வந்தாள். பை நல்லது, பால் கெடவில்லை, ஆனால் மூன்று நாளாகப் பாலை வாய்க்காலில் ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். எனக்கு விளங்கவில்லை.

அந்த யார்ட்டில் டீசல் தாங்கி இருக்கிறது. யாரோ எப்போதோ சோடாப் போத்தலில் டீசல் கொண்டுபோய்ப் பிடிபட்டதில் இருந்து ஒரு சட்டம். வெளியே போகும் போத்தல் எதுவானாலும் கேற்றில் மணந்து பார்த்து, புத்தகத்தில் பதிந்து, கையெழுத்து வைக்க வேண்டும். முன்னைய பையில் பால் கந்தோரிலேயே கெட்டுவிடும், அதனால் போத்தலை அங்கேயே விட்டுவிட்டு வருவாள். பால் கெடாத பை கிடைத்த பிறகுதான் கேற் வரைக்கும் வந்திருக்கிறாள். என்ன போத்தல் என்று காவலாளி கேட்டிருக்கிறார். பின்னால் இருபது முப்பது ஆம்பிளைகள் வரிசையில். வெட்கத்தில் மோர் என்று சொல்லிவிட்டாள்.

அங்கேதான் பிழைத்தது. அவர் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார், மோர் மணம் இல்லை. சந்தேகம் வந்து மற்றக் காவலாளியைக் கூப்பிட்டார். அவரும் மணந்து பார்த்துவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார். டீசல் இல்லை என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டார்கள், மோர் இல்லை என்றும் ஒத்துக்கொண்டார்கள். அடுத்த நாளும் இதே கூத்து. பிள்ளைக்கு இப்போது மாப்பால்தான் போகிறது, முதுகெல்லாம் தடித்துவிட்டது என்றாள்.

“அத்தனை மூக்குப் பட்ட பாலைப் பிள்ளைக்கு எப்பிடி அக்கா குடுக்கிறது? மாத முடிவில வேலையை விடுற கடிதம் குடுக்கப் போறன்.”

சன்னல்

நான் பை தைக்கிறவள். எந்தப் பிரச்சினைக்கும் எனக்குத் தெரிந்த மருந்து பைதான். போத்தல் அறைக்கு வெளிப்பக்கமாக, ஓட்டோக் கூடாரத்துக்கு வைக்கும் கண்ணாடிப் பிளாஸ்ரிக்கில் ஒரு சன்னல் தைத்தேன். வெள்ளை நிறத்தில் டீசல் இல்லையே, மூடியைத் திறக்காமலே பார்த்துக்கொள்ளட்டும் என்பது என் கணக்கு. பெருமையோடு கொடுத்தனுப்பினேன்.

அன்று பின்னேரமே திரும்பிக் கொண்டுவந்தாள். காவலாளி பார்க்க முன்னமே வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். போத்தல் இருப்பதே தெரியக் கூடாது என்று முதலில் சொன்னவளுக்கு நான் சன்னல் வைத்துக் கொடுத்திருக்கிறேன். எனக்கு அவளுடைய முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. சன்னலைப் பிரித்தேன். அவள் போன பிறகு றமீசா மெசினை நிற்பாட்டிவிட்டுச் சொன்னாள்.

“பிழை பையில இல்ல அக்கா, கேற்றுல இரிக்கு. அதை உங்களுக்குத் தைக்க ஏலாது.”

லத்தீப் நானா

அந்தக் கேற்றில் போத்தலை முதலில் மணந்து பார்த்த காவலாளி லத்தீப் நானாவும் எங்கள் வாடிக்கைதான். தொழுகைப் பாயும் சாப்பாட்டுக் கரியரும் வைக்க ஒரு பை வைத்திருக்கிறார். சிப் இறுகினால் கொண்டுவருவார். மாத முடிவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது வந்தார். சிப்புக்கு மெழுகு தேய்த்தபடியே, அது மோர் இல்லை நானா என்றேன். பிறகு முழுவதையும் சொன்னேன். சொல்லலாமா என்று தர்சினியிடம் கேட்டுவிட்டுத்தான் சொன்னேன்.

நானா கதிரையில் இருந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். என்ட வீட்டிலயும் நாலு புள்ளைகள் வளர்ந்தது என்றார். அந்தப் புள்ள ஏன் சொல்லேல்ல என்று கேட்டார், பிறகு தானே தலையை ஆட்டிக்கொண்டார். ஆனால் சட்டத்தை விட ஏலாது, கையெழுத்து வைக்காமல் போத்தலை வெளியே விட்டால் தன் வேலை போய்விடும் என்றார். அதுவும் நியாயம்தான். ஒருத்தியின் வேலையைக் காப்பாற்ற இன்னொருவரின் வேலையைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சிப்பைச் சரி செய்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

“புத்தகத்துல மணந்து பாக்கணும் எண்டுதான் இரிக்கு. எவ்வளவு தூரத்துல நிண்டு மணக்கணும் எண்டு இல்ல.”

கதிரை

அடுத்த நாளில் இருந்து நடந்ததைத் தர்சினி சொல்லித்தான் தெரியும். லத்தீப் நானா தன் கதிரையை கேற்றில் இருந்து பின்னுக்கு இழுத்து வேப்பமரத்தடியில் போட்டுக்கொண்டார். தர்சினி பையோடு வந்ததும் எழும்பி நின்று, பத்தடிக்கு அப்பால் இருந்து முகத்தை நிமிர்த்தி ஒரு தடவை மூச்சை இழுப்பார். மணந்தாயிற்று. புத்தகத்தில் ‘போத்தல் ஒன்று, சரி’ என்று எழுதிக் கையெழுத்து வைப்பார். மேற்பார்வையாளர் ஒரு நாள் வந்து இதென்ன என்று கேட்டதற்கு, தனக்கு மூக்கு நல்ல கூர்மை என்றாராம். பை முதுகை விட்டு இறங்கவே தேவை இல்லை. மூடி திறக்கப்படவில்லை. கடிதமும் கொடுக்கப்படவில்லை. பிள்ளையின் தடிப்பு ஆறிவிட்டது என்று கேட்டபோது, நானும் றமீசாவும் மெசினை நிற்பாட்டிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தோம்.

இப்போது பிள்ளை மீனும் சோறும் தின்கிறது. போன மாதம் தர்சினி நீலப் பையோடு வந்தாள். போத்தல் அறையைப் பிரித்து எடுத்துவிட்டு வெறும் பையாக்கச் சொல்லத்தான் வந்தாள் என்று நினைத்துக் கத்தரிக்கோலை எடுத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதே யார்ட்டில் கணக்குப் பகுதியில் வேலை செய்கிற பிள்ளை ஒன்று பிரசவ லீவு முடிந்து வரப்போகிறது, இந்தப் பை இனி அவளுக்கு, அவளுடைய கரியருக்குக் கொளுக்கியை மட்டும் மாற்றித் தந்தால் போதும் என்றாள். லத்தீப் நானாவிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டாளாம், மோர் என்று சொல்லாமல், உள்ளதை உள்ளபடியே. அதற்கு அவர் சொன்ன பதிலை எனக்கு அப்படியே சொன்னாள்.

“நல்லம் புள்ள. கதிரை அங்கேயே கிடக்கட்டும்.”

ஆகவே பை தெரிவு செய்ய வருகிறவர்களே, சைக்கிளைக் கொண்டுவாருங்கள், இறங்கிய பிறகு எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், உள்ளே என்ன போகிறது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், எந்த நிறத்தை எடுத்தாலும் இந்த வெயிலில் ஆறு மாதத்தில் எல்லாம் ஒன்றுதான்.